பழைய காரின் ஹீற்றர் சொல்லும் சங்கதி

இலங்கையில காருக்கு ஹீற்றர் எதுக்கு எண்டு கேக்கிற ஆக்கள், தை மாத இரவொன்றில் நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கிப் பார்க்க வேண்டும். குளிரைத் தாங்கலாம். ஆபத்து முன்கண்ணாடியில்தான். உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றே அதில் படிந்து றோட்டை மறைத்துவிடும். சூடான காற்று கண்ணாடியில் அடித்தால்தான் அடுத்த வளைவு தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் துணியால் துடைத்துத் துடைத்து அப்படி இறங்கியது ஒரு பழைய எம்.ஜி.பி. காரில். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். எங்களில் ஒருவரின் பெரியப்பாவுடையது. ஹீற்றர் போட்டால் வெதுவெதுப்புக்கூட வராது. "உள்ளுக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேற்றரை மாத்தோணுமாம் தம்பிமார். வெளிநாட்டில இருந்துதான் எடுப்பிக்கோணும். பேசாம காரை வித்துப்போடுவம்" என்றார் பெரியப்பா.

விற்பதற்கு முதல் கொஞ்சம் பார்ப்போம் என்று பொனற்றைத் திறந்தோம். ஹீற்றர் என்பது பெரிய வித்தை இல்லை. எஞ்சினைச் சுற்றிச் சூடான தண்ணீரில் கொஞ்சம், ஒரு வால்வு வழியாக அந்தச் சின்ன ரேடியேற்றருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் மேலாக வரும் காற்றுத்தான் சூடாகி உள்ளே வருகிறது. ஆகவே போற ஹோஸ், வாற ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். எஞ்சின் நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு, அதை நிறுத்திவிட்டு, கவனமாகத் தொட வேண்டும்.

இரண்டும் நல்ல சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் பிழை காற்று வரும் வழியில்: ஃபேன், மூடித் திறக்கும் தகடு, உக்கிப்போன ஸ்பொஞ்ச். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் தண்ணீர் ஓடவில்லை: வால்வு, அடைப்பு, இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று. இரண்டுமே இளஞ்சூடு என்றால் எஞ்சினே சூடாகவில்லை.

எங்களுக்கு இரண்டுமே இளஞ்சூடு. டாஷ்போர்டில் வெப்பமானியின் முள்ளும் கீழேயே கிடந்தது. எஞ்சின் ஆறியபின் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! கார் கொழும்பில் நின்ற காலத்தில், "சூட்டு நாட்டுக்கு இது தேவையில்லை" என்று யாரோ ஒரு பாஸ் கழற்றி எறிந்திருக்கிறார். எங்கட நாட்டில் வழக்கமாக நடக்கிற வேலைதான். ஆனால் தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்குகிற சாமான் இல்லை. சரியான சூடு வரும்வரை தண்ணீர் பெரிய ரேடியேற்றருக்குப் போகாமல் தடுக்கிற கதவு அது. கதவு இல்லாவிட்டால் எஞ்சின் குளிரிலேயே ஓடும், பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஹீற்றர் சொன்ன முறைப்பாடு உண்மையில் எஞ்சினுடையது.

82 பாகையில் திறக்கிற ஒன்றை வாங்கி, முதலில் குசினியில் சட்டித் தண்ணீரில் போட்டுச் சோதித்தோம். 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்க முதலே அது திறந்தது. பூட்டினோம். முள் மேலே வந்தது, ஒரு ஹோஸ் சுட்டது, மற்றது இன்னும் குளிர்தான். திரும்பவும் ஆறவிட்டு, இரண்டு ஹோஸையும் கழற்றி, தோட்டக் குழாயால் மெதுவாக எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டோம். தேத்தண்ணி நிறத்தில் சேறு வந்துகொண்டே இருந்தது. பிறகு காரின் முன்பக்கம் மேலே நிற்கிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீற்றர் வால்வைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை கூலன்ட் நிரப்பினோம்.

சூடான காற்று வந்தது. சின்ன ரேடியேற்றர் அதே பழையதுதான்.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு கார் நின்றால், ஹீற்றர் ஹோஸை பைபாஸ் பண்ணிவிட்டு மறந்துவிடாதீர்கள். கூலன்ட் குறைகிறதா, கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பாக இனிப்பு மணத்தோடு படிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கசிவு, அந்த நேரம் மாற்றத்தான் வேண்டும். சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். பெரியப்பா இப்போது காரை விற்கிற கதையே கதைப்பதில்லை.