விழுவதற்காக ஒரு கோபுரம்

வட ஜெர்மனியின் பிரெமன் நகர ரயில் நிலையத்தில் 6ஆம் எண் டிராமைப் பிடித்தால் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கலாம். வழி கேட்க வேண்டியதில்லை. சீவிய பென்சிலை நட்டு வைத்தது போல 146 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது கான்கிரீட் கோபுரம். நகரின் பழைய பேராலயக் கோபுரங்களைவிட உயரம். இதில் மணி இல்லை, ஆன்டெனாவுக்காகக் கட்டியதும் அல்ல. பொருள்களை மேலே கொண்டுபோய்க் கீழே போடுவதுதான் 1990லிருந்து இதன் வேலை.

கோபுரத்துக்குள் 110 மீட்டர் விழ இடம் தரும் எஃகுக் குழாய் ஒன்று, வெளிச்சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிறது. காற்றில் சுவர் அசைந்தாலும் அதிர்வு உள்ளே போகாது. கருவிகளை உருளை வடிவப் பேழையில் பூட்டி உச்சிக்கு ஏற்றுகிறார்கள். பிறகு காத்திருப்பு. 18 பம்புகள் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பேழை விழுவதோ 4.74 விநாடி. மணிக்கு 167 கி.மீ. வேகத்தில் வந்து, 8 மீட்டர் ஆழத்துக்குக் கொட்டி வைத்த தெர்மோகோல் மணிகளில் புதைகிறது.

புவியீர்ப்பு இல்லாத இடத்தில்தான் எடையின்மை என்பது பரவலான நினைப்பு. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில்கூட ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் 90 சதவீதம் இருக்கிறது. தடையின்றி விழுவதுதான் எடையின்மை. பேழைக்குள் ஓர் ஊசலை வைத்தால் அது ஆடுவதை மறந்துவிடும். சுருள்வில்லில் கட்டிய குண்டு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை இழுப்பது பூமியல்ல, வில்.

பாடப் புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க மட்டும் மாணவர்கள் இங்கே வருவதில்லை. கிரகங்கள் எப்படி உருவாகத் தொடங்கின என்பதற்கும் இங்கே தடயம் தேடுகிறார்கள். இரண்டு தூசித் துகள்கள் மெல்ல மோதினால் ஒட்டிக்கொள்ளுமா, விலகிப் போகுமா? தரையில் இதைச் சோதிக்க வழியில்லை. மோதுவதற்கு முன்பே தூசி கீழே படிந்துவிடும். பேழைக்குள் மிதக்கும் தூசியை அதிவேகக் கேமரா படம்பிடிக்கிறது.

இதற்காகவே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009ல் மாணவர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் 'டிராப் யுவர் தீசிஸ்': உன் ஆய்வேட்டைக் கீழே போடு! ஐ.நா.வின் விண்வெளி அலுவலகமும் பல நாட்டு மாணவர்களுக்கு இந்தக் கோபுரத்தின் கதவைத் திறந்துவிட்டது. ஐ.நா. திட்டத்தில் தேர்வாகும் குழுவுக்குக் கிடைப்பது நான்கு வீழ்ச்சிகள். விளக்கு ஒரு விநாடி தாமதமாக எரிந்தாலும், ஒரு கம்பி கழன்றாலும் மாதக்கணக்கான உழைப்பில் கால் பங்கு தெர்மோகோலுக்குள் போய்விடும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறைதான் போட முடியும் என்பதால் 'இன்னொரு தடவை' என்று கேட்பது சுலபமல்ல.

2004ல் அடியில் ஒரு கவண் பொருத்தினார்கள். பேழையைக் கீழிருந்து மேலே எறிந்தால் ஏறும்போதும் எடையின்மை, இறங்கும்போதும் எடையின்மை. மொத்தம் 9.3 விநாடி.

110 மீட்டர் விழ எத்தனை விநாடி என்பது பிளஸ் டூ மாணவர் ஒரு நிமிடத்தில் போடும் கணக்கு. அந்த விநாடிகளுக்குள் எதைக் கேட்பது என்று முடிவு செய்யத்தான் பிரெமனுக்கு வருபவர்களுக்கு மாதங்கள் தேவைப்படுகின்றன.