அப்பாவின் வலது கையும் ஒரு குட்டி ரயிலும்

1/ என் கிளினிக் மேசை மேல ஒரு சாண் நீளத்துல ஒரு ரயில் பெட்டி, அதுக்குக் கீழ ஒரு துண்டு தண்டவாளம். பாக்கறவங்கல்லாம் "பசங்க விளையாடறதா டாக்டர்?"னு கேப்பாங்க. இல்லீங்க, எங்கப்பாவோடதுன்னா சிரிப்பாங்க. அந்தக் கதையை இன்னிக்கு சொல்லிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ அப்பா மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேன். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஸ்டேஷன். அப்போ அது மீட்டர் கேஜ், ஒத்தை லைன். டோக்கன் கைக்கு வராம டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க முடியாது. நிக்காம போற வண்டின்னா, அந்த டோக்கன் மாட்டின வளையத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பிளாட்பார ஓரமா நிக்கணும். ஓடற எஞ்சின்லேர்ந்து கை நீட்டி வாங்கிட்டுப் போவாங்க. அப்பா அதை வலது கையில பிடிச்சு நின்னதை சின்ன வயசுல வாயைப் பொளந்துக்கிட்டு பாத்திருக்கேன்.

3/ 72 வயசுல ஒரு நாள் காலைல அதே கையிலேர்ந்து காபி டம்ளர் நழுவுச்சு. வாய் ஒரு பக்கம் கோணிச்சு. "ராத்திரி தூக்கம் சரியில்ல, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னு அம்மா படுக்க வெச்சுட்டாங்க. எனக்கு போன் வரும்போது அஞ்சு மணி நேரம் ஓடிப்போச்சு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஊருக்கெல்லாம் சொல்ற நான், என் வீட்ல சொல்லி வெக்கல.

4/ கால் ஓரளவு திரும்பி வந்துச்சு. கைதான் வரல. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து குடுத்து தினமும் அமுக்கச் சொன்னார். ரெண்டு நாள் செஞ்சார். மூணாவது நாள் பந்து கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. "பந்து அமுக்கி நான் என்னடா கிழிக்கப் போறேன்?" நான் கத்தினேன். அவரும் கத்தினார். அதுக்கப்புறம் ஒரு வாரம் ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கல.

5/ அப்போதான் அமெரிக்காவுல இருக்கிற நண்பன் லீவுக்கு வந்தான். என் பொண்ணுக்கு ஒரு மாடல் ரயில் செட் வாங்கிட்டு வந்தான். ஒரு டீசல் எஞ்சின், மூணு பெட்டி, வட்டமாப் போடற தண்டவாளம். எச்ஓ அளவும்பாங்க. நிஜ ரயிலை 87ல ஒரு பங்கா சுருக்கினது. தண்டவாளத்துக்கு நடுவுல 16.5 மி.மீ. அந்த ரெண்டு கம்பி வழியா வர்ற 12 வோல்ட் கரண்ட்டை சக்கரம் எடுத்து மோட்டாருக்குக் குடுக்கும்.

6/ முதல் நாளே என் புத்திசாலித்தனம். அந்த ஊர் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நான் யோசிக்காம நம்ம 230ல செருகிட்டேன். குப்புன்னு புகை. என் பொண்ணு கேட்டா, "நீராவி எஞ்சினாப்பா?" ரெண்டு மாசத்துல முதல் தடவையா அப்பா சிரிச்சார். (வெளிநாட்லேர்ந்து செட் வந்தா முதல்ல அடாப்டர் மேல எழுதியிருக்கிற வோல்ட்டேஜைப் படிங்க.)

7/ எஞ்சின் தப்பிச்சுது. வேற 12 வோல்ட் சப்ளையும் வேகத்தைக் குறைக்க ஒரு கன்ட்ரோலரும் வாங்கி ஓட்டினோம். வளைவுல ஒரு பெட்டி தடம் புரண்டுச்சு. பொண்ணு எடுக்கப் போனா. "இரு, இரு. அப்படி இழுக்காத, சக்கரம் வளைஞ்சிடும்"னு அப்பா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தார். நீட்டினது வலது கை.

8/ ஒரு பெட்டிக்கு எட்டு சக்கரம். ஒவ்வொண்ணோட விளிம்பும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து பெட்டியைப் பிடிக்கணும், மணிக்கட்டு ஆடக்கூடாது. நாலு சக்கரம் ஏறும், மறுபக்கம் இறங்கும். முதல் நாள் இருபது நிமிஷம் ஆச்சு. நெத்தியெல்லாம் வேர்வை. நான் உதவிக்குப் போனேன். "சும்மா இருடா"ன்னார்.

9/ இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. பக்கவாதத்துக்கு அப்புறம் மூளை புது வழி கண்டுபிடிக்கணும்னா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப, முயற்சி போட்டுச் செய்யணும். அந்த வேலைக்கு ஒரு அர்த்தமும் இருந்தா நோயாளி விடமாட்டார். பந்து அமுக்கறது தப்பே இல்ல. அப்பாவுக்கு அதுல அர்த்தம் தெரியல, அவ்வளவுதான். தடம் புரண்ட வண்டியை அப்படியே விட்டுட்டுப் போக அவரால முடியாது.

10/ ஒரு வாரத்துல குறை சொல்ல ஆரம்பிச்சார். "நடுவுல கப்ளிங், பக்கத்துல பஃபர் இல்ல. அது நம்ம மீட்டர் கேஜ் மாதிரிதான். ஆனா இது நம்ம வண்டி இல்லடா." சரிதான். 16.5 மி.மீ. வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கான கணக்கு, 1435 மி.மீ.யை 87ஆல வகுத்தது. நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., அதுக்கு 19.3 வேணும். மீட்டர் கேஜுக்கு 11.5. சுவிஸ் மலை ரயில்கள் மீட்டர் கேஜ்ங்கறதால அங்கே 12 மி.மீ. தண்டவாளம் விக்கறாங்க.

11/ வருஷா வருஷம் ஜெர்மனியில நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியை ஒட்டி கம்பெனிகள் புது எஞ்சின், புதுப் பெட்டிப் பட்டியல் விடுவாங்க. அப்பாவும் நானும் போன்ல உக்காந்து பாப்போம். அவர் பாத்த ஒய்டிஎம்-4 டீசலை எந்தப் பட்டியல்லயும் நாங்க பாக்கல. ஆனா அதோட பங்காளி கிடைச்சுது! ஒய்டிஎம்-4 அமெரிக்காவோட ஆல்கோ கம்பெனி டிசைன். அதே குடும்பத்து எஞ்சின் அலாஸ்காவுல ஒயிட் பாஸ் மலை ரயில்ல ஓடுச்சு. அதை எல்ஜிபி கம்பெனி பெரிய அளவு மாடலா போட்டிருக்கு. நிஜ எஞ்சினோட பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். "கேபின் வேற. சத்தம் நம்ம சத்தம்."

12/ விலையைப் பாத்துட்டு மூடி வெச்சுட்டோம். பதிலா வீட்லயே செய்ய ஆரம்பிச்சார். கல்யாணப் பத்திரிகை அட்டையில ஸ்டேஷன். ஈர்க்குச்சியில கைகாட்டி. கடையில சிக்னல், மரம், குட்டி மனுஷங்க எல்லாம் கிடைக்கும். ஆனா டோக்கன் வளையம் பிடிச்ச பாயிண்ட்ஸ்மேன் கிடைக்க மாட்டார். ஒயர்ல ஒரு வளையம் சுத்தி அதையும் செஞ்சார். அது ஒண்ணுக்கே நாலு நாள். ஊர்ப் பேரை இடது கையால எழுதச் சொன்னேன். கேக்கல. வலது கையால கோணல்மாணலா எழுதினது அப்படியேதான் இருக்கு.

13/ இதுல இறங்க நினைக்கறவங்களுக்கு: புது எஞ்சின்ல ஆரம்பிக்காதீங்க. சின்ன செட் போதும். தண்டவாளத்துல தூசு படிஞ்சா வண்டி திக்கித் திக்கி ஓடும். நாங்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைக்கறோம், கரண்ட்டை அணைச்சுட்டு. வட்டம் முழுக்க எட்டித் துடைக்கறது தோள்பட்டைக்கும் நல்ல பயிற்சி. பெரிய அமைப்பைப் பாக்கணும்னா புனேவுல ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியம் இருக்கு.

14/ இப்போ ஒரு வருஷம் ஆச்சு. எட்டு சக்கரமும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஏறிடும். சாப்பாடு அவரே பிசைஞ்சு சாப்பிடறார். சட்டையோட மேல் பட்டன் இன்னும் அம்மாதான் போடறாங்க. பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகல. எல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னா அது பொய்.

15/ இப்போ பக்கவாதம் வந்தவங்க வீட்டு ஆளுங்ககிட்ட "இவரு கையால என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாரு?"னு கேக்காம பயிற்சி எழுதறதில்ல. பூக்கட்டினவங்களுக்கு பூவும் நாரும். தையக்காரருக்கு துணியும் பட்டனும். பிசியோதெரபி கட்டாயம் வேணும், அதோட சேத்து இது.

16/ கடைசியா, வீட்ல எல்லார்கிட்டயும் இன்னிக்கே சொல்லி வைங்க. வாய் கோணுதா, கை விழுதா, பேச்சு குழறுதா? இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் படுக்க வெக்காதீங்க. மணியைப் பாத்து வெச்சுக்கிட்டு 108க்குப் போன் போடுங்க. நாலரை மணி நேரம்னா நிறைய டைம் இருக்குன்னு அர்த்தம் இல்ல. முன்னாடி வந்தா முன்னாடி நல்லது.

அம்மா இன்னும் அந்தக் காலையைப் பத்திச் சொல்லி அழுவாங்க. "நீ என்ன பண்ணுவ, உனக்கு யாரு சொன்னா?"ன்னு அப்பா கேப்பார். அப்படிக் கேக்கும்போது அவர் என்னைப் பாக்கறதில்ல. ஆனா அது எனக்குத்தான்னு தெரியும்.