ஸ்கோப் வேண்டுமா, கண்ணா?

கண்ணா, கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்துவிட்டு, அவருடைய லீவர் ரைபிளில் ஸ்கோப் மாட்டியிருந்தால் இன்னும் நன்றாகச் சுட்டிருப்பாரா என்று கேட்டாய். விமானப்படையில் இருந்தபோது ரேஞ்சில் சுட்டுப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

அவர் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். லீவரைத் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு மேல்பக்கமாக எகிறும். அந்த இடத்தை மறைத்து ஸ்கோப் வைக்க முடியாது. பக்கவாட்டில் வைக்கலாம், ஆனால் கன்னம் கட்டையில் சரியாகப் படியாது. கூட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிற மார்லின் 336-ல் இந்தத் தொல்லை இல்லை. சரி, ஆண்டர்சனுக்கு ஸ்கோப் எதற்கு? சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் மரத்தில் பரண் கட்டி, இருட்டில், மிகக் கிட்டத்தில் வரும் ஆட்கொல்லிக்காகக் காத்திருந்தவர். அவருக்குத் தேவைப்பட்டது வெளிச்சம். ரைபிளில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டார். நீ எதை வாங்கப் போனாலும் உன் வேலை என்ன, எத்தனை தூரத்தில் என்று முதலில் பார். விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்கோப் இல்லாத சாதாரண சைட்டில் பழகுவதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பின்னால் உள்ள பேக்சைட், குழல் முனையில் உள்ள போர்சைட், இலக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. போர்சைட் முனை தெளிவாக இருக்க வேண்டும்; இலக்கு மங்கினால் மங்கட்டும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 60 செ.மீ. இருந்தால், முனையில் 1 மி.மீ. பிசகு 100 மீட்டரில் 16 செ.மீ.க்கு மேல் போய்விடும். இளவயதில் இதை ஏற்க மனம் வராது. வாழ்க்கையிலும் அப்படித்தான், பத்து வருஷம் கழித்து என்ன ஆவோம் என்றே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இன்றைய வேலை கோணிப்போவது தெரியாது.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குப் போர்சைட் மங்கும். அப்போது ஸ்கோப் நல்ல துணை; குறிக்கோடும் இலக்கும் ஒரே தெளிவில் தெரியும். ஆனால் அது இலக்கைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். நடுக்கத்தை நிறுத்தாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். மூச்சும் விரலும் தோளும்தான் அந்தப் பெண்ணின் ஸ்கோப்.

வேட்டை ஆசையை மட்டும் விட்டுவிடு. 1972-ன் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அந்தக் காலம் முடிந்தது, முடிந்ததும் நல்லதே. நம் சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எவ்வளவு தூரம்? அங்கே பறவைகளைப் பார்க்கப் பைனாகுலர் வாங்கித் தருகிறேன். 12 மடங்கு கேட்காதே, கையில் ஆடும். 8 மடங்கு போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம்.