சூசை கேட்டதும் பிலாத்து கொடுத்ததும்

நவம்பர் திங்கள் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்கள் களைகட்டிவிடுகின்றன. புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தியும் பூமாலையுமாகக் குடும்பங்கள் திரள்கின்றன. கல்லறை கல்லறையாக மந்திரித்துக்கொண்டு செல்கையில் நாம் ஆண்டுதோறும் கவனிப்பது ஒன்றுண்டு. அங்கே எவரும் பிணம் என்றோ சவம் என்றோ சொல்வதில்லை. “இங்கேதான் அப்பா இருக்கிறார்”, “அதோ பாட்டி” என்றே காட்டுகிறார்கள். அதே அப்பாவை அடக்கம் செய்த நாளிலோ, “பாடியை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?” என்று கேட்டவர்களும் இவர்களே. ஆள் ஒருவர்தாம், நேரத்துக்கொரு பெயர்.

திருநூலிலும் இந்த வேறுபாடு உண்டு. தமிழில் உடல், சடலம், சவம், பிணம், பிரேதம் என்று நாம் பலவாறு வழங்குவதுபோல் எபிரேயரும் கிரேக்கரும் பல சொற்களை வழங்கினர். மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு அவற்றின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மறைந்துபோகிறது.

எபிரேயத்தில் இவற்றுள் மிகத் தாழ்ந்தது ‘நெவேலா’ எனலாம். வாடி உதிர்தல் என்னும் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உளர். லேவியர் ஆகமத்தில் தானாகச் செத்த கால்நடையைக் குறிப்பது இச்சொல்லே. அதைத் தொட்டவன் மாலைவரை தீட்டுள்ளவன் (11:39). செத்த மாடு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வோமே, அந்த வாடை இச்சொல்லில் வீசுகிறது. ஆயினும் மனிதருக்கும் அது வரும். சிங்கத்தால் கொல்லப்பட்டு வழியில் கிடந்த இறையடியாரின் உடல் நெவேலா (1 அரசர் 13). மரத்தில் தொங்கவிடப்பட்ட குற்றவாளியின் உடலும் நெவேலா. ஆனால் அதை இரவு முழுவதும் மரத்தில் விட்டுவைக்கலாகாது, அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகக் கட்டளையிடுகிறது உபாகமம் (21:23). இப்பகுதியைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அங்கே ‘சோமா’, அதாவது உடல், என்னும் மதிப்பான சொல்லை இட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

போர்க்களத்திலும் பாலைவனத்திலும் விழுந்து கிடப்போருக்குப் ‘பெகேர்’ என்பார்கள். சோர்ந்துபோதலைக் குறிக்கும் வினை இதற்கு உறவு. சவுல் அரசனின் உடலுக்கோ ‘கெவியா’ என்னும் சொல் வருகிறது. பெத்சான் மதிலில் பெலிஸ்தியர் தொங்கவிட்டிருந்த அவ்வுடலை, கலாத் நாட்டு யாபேஸ் ஊரின் வீரர்கள் இரவெல்லாம் நடந்துசென்று இறக்கிக் கொணர்ந்தார்கள் (1 சாமுவேல் 31). முன்னொரு நாள் தங்கள் ஊரைக் காத்தவனுக்கு அவர்கள் செய்த கைம்மாறு அது.

நமக்கு மிகவும் வியப்பளிப்பது ‘நெபெஷ்’ என்னும் சொல். மூச்சு, உயிர், ஆள் என்றெல்லாம் பொருள்படும் சொல் அது. ஆதாமின் நாசியில் இறைவன் மூச்சை ஊதியபோது அவன் உயிருள்ள நெபெஷ் ஆனான். நசரேய விரதம் பூண்டவன் அணுகக்கூடாத இறந்த உடலுக்கும், இறந்த நெபெஷ் என்றே பெயர் (எண்ணாகமம் 6:6). சில இடங்களில் ‘இறந்த’ என்ற அடைகூட இல்லாமல் வெறும் நெபெஷ் என்று நிற்கிறது. உயிர் போன பின்னும் உயிரின் பெயரை அந்த மக்கள் அவ்வுடலிலிருந்து எடுத்துவிடவில்லை! செத்த விலங்கைத் தொட்டால் மாலைவரை தீட்டு. மனிதரின் சடலத்தைத் தொட்டால் ஏழு நாள். குருக்கள் நெருங்கிய உறவினருக்காக அன்றி எவருடைய உடலையும் அணுகலாகாது. தலைமைக் குருவோ தந்தை தாய்க்காகவும் செல்லலாகாது. (அச்சட்டம் இன்று நம்மைக் கட்டுப்படுத்துமானால், மாதத்தில் பாதி நாள் நாம் பீடம் ஏற இயலாது. நம் திருச்சபையோ அவ்வுடலுக்குத் தூபம் காட்டச் சொல்கிறது.)

ஆபிரகாம் எப்ரோனிடம் நானூறு வெள்ளிக்கு நிலம் வாங்கிய வரலாற்றை வாசகர்கள் அறிவர். பேரம் நடக்கும் வரையில் ‘என் இறந்தவர்’, ‘உம் இறந்தவர்’ என்றே இருதரப்பிலும் பேச்சு நடக்கிறது. நிலம் கைக்கு வந்து அடக்கம் நடக்கும்போதுதான் ‘தன் மனைவி சாராள்’ என்று பெயர் திரும்பி வருகிறது (ஆதியாகமம் 23:19).

இனிக் கிரேக்கத்துக்கு வருவோம். நற்செய்திகளில் இரண்டு சொற்கள் முக்கியமானவை. ஒன்று மேலே சொன்ன சோமா. உயிருள்ள உடலுக்கும் உயிரற்ற உடலுக்கும் அது பொது. மற்றொன்று ‘ப்தோமா’, விழுந்தது என்பது அதன் நேர்ப்பொருள். சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலுக்கு எபிரேயத்தில் வரும் ‘மப்பேலெத்’ என்ற சொல்லும், இலத்தீனில் ‘கதாவெர்’ என்ற சொல்லும் விழுதலிலிருந்து பிறந்தவையே. ப்தோமா எங்கேயோ அங்கே கழுகுகள் கூடும் என்கிறார் மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் (24:28). தலை வெட்டுண்ட ஸ்நாபக அருளப்பரின் சீடர்கள் எடுத்துச் சென்றதும் ப்தோமாவே (மாற்கு 6:29).

மாற்கு நற்செய்தியின் பாடுகளின் வரலாற்றை இச்சொற்களை மட்டும் பற்றிக்கொண்டு படித்துப் பாருங்கள். பெத்தானியாவில் ஒரு பெண் பரிமளத் தைலம் பூசுகிறாள். அடக்கத்துக்கென முன்னதாகவே தம் சோமாவுக்கு அவள் பூசிவிட்டதாக இயேசு சொல்கிறார். இராவுணவில் அப்பத்தை எடுத்து அதைத் தம் சோமா என்கிறார். அவர் இறந்த மாலையில் அரிமத்தேயா ஊர் சூசை, மதிப்புமிக்க ஆலோசகர், துணிவு கொண்டு பிலாத்திடம் சென்று கேட்பது அந்தச் சோமாவைத்தான். பிலாத்து வியப்படைகிறான், இத்தனை விரைவில் இறந்துவிட்டாரா என்று நூற்றுவர் தலைவனை அழைத்துக் கேட்கிறான், உறுதியானதும் சூசைக்கு அளிக்கிறான். அவன் அளித்தது ப்தோமா (15:45). அச்சொல்லை அவன் வாயில் மாற்கு வைக்கவில்லை. அவன் கொடுத்த பொருளுக்குத் தாமே அப்பெயரை இடுகிறார். ஆளுநனுக்கு அது முடிந்துபோன ஒரு தண்டனையின் மிச்சம்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும் சீனாய்ச் சுவடியிலும் இவ்விடத்தில் ப்தோமா என்றே உள்ளது. பிற்காலச் சுவடிகள் மிகப் பலவற்றில் அது சோமாவாக மாறியிருக்கிறது. ஆண்டவரைப் பிணம் என்றெழுதப் படியெடுத்தவர்களின் கை கூசியிருக்க வேண்டும். இலத்தீன் விவிலியத்திலும் இரண்டிடத்திலும் ஒரே சொல்தான். பக்தியால் நேர்ந்த மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கூச்சமில்லாத மாற்குவே நமக்கு வேண்டியவர் என்று சொல்லத் துணிகிறோம். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், சாலை விபத்தில் மாண்ட மகனின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து நின்றார். அழவில்லை. “சாமி, ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு மணிநேரம் உக்காந்திருந்தேன். ஒருத்தர் வந்து, ‘அந்தப் பொணத்துக்கு ஆள் யாரு?’ன்னு கேட்டார். நான் எழுந்திரிக்கலை. அது என் பிள்ளையைத்தான்னு எனக்குத் தோணவே இல்லை. ஞானஸ்நானத்துல வச்ச பேரு இருக்குதே சாமி” என்றார்.

கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர். நாள்தோறும் பத்து முறை சொல்லிப் பழகிப்போன சொல். அதை அந்தத் தாயிடம் சொல்லிப் பயனில்லை. சூசையின் கதையைச் சொன்னோம். பிலாத்து கொடுத்தது என்னவென்று நற்செய்தியாளர் எழுதியிருக்கும் சொல்லையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “மாதா காதுல அது விழுந்திருக்குமா சாமி?” என்று கேட்டார். பிலாத்தின் அரண்மனையில் மாதா இருக்கவில்லை, ஆனால் சிலுவையடியில் அதைவிடக் கொடியவற்றைக் கேட்டிருப்பார் என்றோம். தலையசைத்துவிட்டுக் கல்லறைப் பக்கமாக நடந்தார்.

அன்று அவரிடம் சொல்லாத இன்னொன்று இசையாஸ் நூலில் உள்ளது. 26-ஆம் அதிகாரம், 19-ஆம் வசனம். உயிர்ப்பைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் மிகத் தெளிவாகப் பேசும் இடங்களுள் ஒன்று. இறந்தோர் வாழ்வர் என்று தொடங்கும் இறைவாக்கினர், எழப்போவது எது என்பதற்குத் தேர்ந்த சொல் கெவியாவும் அன்று, நெபெஷும் அன்று. செத்த கால்நடைக்கு வழங்கும் நெவேலா! அதுவும் ‘என் நெவேலா’ என்று சொந்தம் பாராட்டும் ஈற்றுடன். இங்கும் மொழிபெயர்ப்பாளரின் கை கூசிற்று. கிரேக்கத்தில் ‘கல்லறைகளில் இருப்போர்’ என்று நயமாக்கினார்கள். எரோணிமுஸ் இலத்தீனில் ‘என் கொலையுண்டோர்’ என்றார். இசையாஸ் எழுதியதோ, பெயரிழந்து தெருவில் கிடப்பதையும் உட்படுத்தும் சொல்.

மாற்குவிடம் இன்னும் ஒரு வசனம் உள்ளது. சோமா, ப்தோமா இரண்டுமே கிரேக்க இலக்கணத்தில், நம் அஃறிணைபோல், ‘அது’ என்று சுட்டப்படும் சொற்கள். இந்த இடத்தில் மத்தேயு இலக்கணப்படி ‘அதை’ என்றே எழுதுகிறார். மாற்கு அப்படி எழுதவில்லை. பிலாத்தின் கையிலிருந்து சூசையின் கைக்கு மாறியதும் அவருடைய இலக்கணம் மாறிவிடுகிறது. சூசை மெல்லிய துணி வாங்கி, ‘அவரை’ இறக்கி, அத்துணியில் சுற்றி, பாறையில் வெட்டியிருந்த கல்லறையில் ‘அவரை’ வைத்தார்; வாயிலில் ஒரு கல்லை உருட்டிவைத்தார். மகதலா மரியாளும் யோசேயின் தாய் மரியாளும் அவரை வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.