கேட்டு வாங்கிய படம்

இதழியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பு. சாவு வீட்டுக்குள் போனதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போட்டோ வாங்கணும் சார். இல்லன்னா டெஸ்க்ல திட்டுவாங்க" என்றான் ஒருவன். ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவன்.

*

2004-இல் நான் நிருபர். ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ: 94 குழந்தைகள். டிசம்பர் 26, சுனாமி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். ஒரு குப்பத்தில், கடல் கொண்டுபோனது போக ஒரு தகப்பனாரிடம் மிஞ்சியிருந்த மகளின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை வாங்கினேன். நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். அலுவலகத்தில் தொலைந்துவிட்டது. திரும்பிப் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிடமும் இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சிக்கல் இல்லையே சார், செல்போனில் எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். முகநூலிலிருந்தும் வாட்ஸ்அப் டிபியிலிருந்தும் எடுக்கிறோம். வீட்டாரிடம் கேட்பதே இல்லை. அன்று கேட்கவாவது செய்தோம்.

*

"இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" இந்தக் கேள்விக்கு என் வகுப்பில் இடமில்லை. பாப்பாவுக்கு என்ன பிடிக்கும், பையன் யார்கூட விளையாடுவான் என்று கேட்கலாம். அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் நாமும் தரையில். கேமரா வாசலுக்கு வெளியே. பேச்சைத் தொடங்கும் முன்பே, "வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்கம்மா, நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொன்னால் நிறுத்தவும் வேண்டும், பேட்டி பாதியில் நின்றாலும். உடலை எப்போது தருவது என்பதை ஜி.எச். முடிவுசெய்கிறது, வாக்குமூலம் எப்போது என்பதைப் போலீஸ். அன்றைக்கு அந்தத் தாய் முடிவுசெய்ய மிச்சமிருப்பது இந்தப் பேச்சு ஒன்றுதான்.

நேரத்தை மாற்றிச் சொன்னால் பொய் என்று முடிவுகட்டக் கூடாது. அதிர்ச்சியில் நினைவு வரிசையாக நிற்காது. நேரத்தை எஃப்.ஐ.ஆரில் பார்த்துக்கொள்ளலாம்.

*

போக்சோ சட்டம் 2012, பிரிவு 23. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்ல, முகவரி, படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி எதுவும் வரக் கூடாது. பயிற்சிக்கு நானே ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். சிறுமியின் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இருந்தது, ஏழாம் வகுப்பு என்று இருந்தது, கைதான சித்தப்பாவின் பெயர் இருந்தது. "பேர் போடலையே சார், சரியாத்தானே இருக்கு" என்றார்கள். அந்த ஊர்க்காரராகப் படியுங்கள் என்றேன். "சித்தப்பா பேரை வெச்சு வீட்டையே கண்டுபிடிச்சிடலாம் சார்."

*

தாங்க முடியாவிட்டால் எழுந்து போகலாம், காரணம் கேட்க மாட்டேன் என்று வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சுனாமிப் படங்களைக் காட்டிய அன்று ஒரு பெண் எழுந்து போனாள். கடற்கரை ஊர்க்காரி, அவள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். "வீட்ல அதப் பத்திப் பேசவே மாட்டாங்க சார்" என்றாள் மறுநாள். இனி அந்தப் படங்களைக் காட்டப்போவதில்லை. முன்பே யோசித்திருக்க வேண்டும்.

*

ஜூலை 16-க்குக் கும்பகோணம் போக வேண்டுமென்று கேட்கிறார்கள். பள்ளி முன் குழந்தைகளின் படங்களை வைத்து ஆண்டுதோறும் பெற்றோர் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஆண்டுதோறும் மைக்கும் போகிறது. இதுவரை யாரும் கேட்காத எதை அவர்களிடம் கேட்கப்போகிறீர்கள் என்றேன்.

"கேக்காம, சும்மா போய் நின்னுட்டு வரலாமா சார்?" என்றாள் ஒருத்தி.

போகலாம். பஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும்.