எர்த் வயரும் எஞ்சின் வலிமையும்

கோடை விடுமுறை நெருங்கும்பொழுது, மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களுள் சொந்தக் காரில் ஊருக்குப் புறப்படுவோர் வண்டியைச் செப்பனிடத் தொடங்குவர். சென்னைக்கே சாலைவழி 1,300 கிலோமீட்டருக்கு மேலாகிறது. நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்வோர்க்குப் பயணம் இன்னும் நீளும். வழியில் வண்டி நின்றுவிடலாகாதே என்ற அச்சம் இயல்பானதே. இவ்வச்சத்தை அறிந்த கடைக்காரர் சிலர், வண்ண உறையிட்ட தடித்த செப்புக் கம்பிகள் சிலவற்றை எடுத்துக் காட்டி, "இவற்றைப் பொருத்தினால் வண்டி உடனே கிளம்பும், இழுவை கூடும், பெட்ரோல் மிச்சமாகும்" என்கின்றனர். எர்த் வயர் கிட் என்பது இதன் பெயர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு?

இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தவர், செம்பூரில் நமது குடியிருப்பிலேயே வாழும் நண்பர் ஒருவர். அவரது சிறிய பெட்ரோல் கார் 12 ஆண்டுகள் உழைத்தது. காலையில் சாவியைத் திருப்பினால் முனகிவிட்டுத்தான் கிளம்பும். ஊரில் தனியே இருக்கும் தாயாரை அவ்வண்டியில் அழைத்துவர எண்ணியிருந்தார். கடைக்காரர் கேட்ட தொகை 4,500 ரூபாய். "அண்ணா, வாங்கிப் போட்டுவிடலாமா?" என்றார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு அது சிறிய தொகையன்று.

முதலில் எர்த் வயரின் தொழிலை அறிதல் வேண்டும். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் மீண்டும் பாட்டரிக்கே திரும்பியாக வேண்டும். விளக்கு, ஹாரன் ஒவ்வொன்றிற்கும் அதற்கெனத் தனிக்கம்பி பாட்டரிவரை இழுப்பதில்லை. காரின் இரும்பு உடலே திரும்பும் பாதையாகிறது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் பாட்டரியின் நெகட்டிவ் முனையையும் எஞ்சினையும் உடலையும் தடித்த கம்பிகளால் இணைத்தே ஆலையிலிருந்து அனுப்புகின்றனர்.

கார் கிளம்பும் கணத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அப்பொழுது பாதையில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருப்பினும் 0.1 வோல்ட் வீணாகும், அதனால் தீங்கில்லை. ஆயின் கடற்காற்று வீசும் நகரில், மழைக்காலங்கள் பல கண்ட வண்டியில், இணைப்புகளில் களிம்பும் துருவும் ஏறித் தடை பத்து மடங்காயின், ஒரு வோல்ட்டே தொலையும். ஸ்டார்ட்டர் முனகுவது அதனால்தான்.

லாமிங்டன் சாலையில் முன்னர் வாங்கிய மல்ட்டிமீட்டர் நம்மிடம் இருந்தது. அதன் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் துருவற்ற உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, நண்பரைச் சாவியைத் திருப்பச் சொன்னோம். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை நலமாயுள்ளது எனக் கொள்ளலாம். நண்பரின் வண்டி 0.9 காட்டியது. எஞ்சினிலிருந்து வரும் கம்பியின் முனை பச்சைக் களிம்பேறிப் பாதி அறுந்திருந்தது. மெக்கானிக் ஒருவர் பழைய கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகத்தைத் தேய்த்துப் புதுக்கம்பி இட்டார். சில நூறு ரூபாயே செலவு. மறுநாள் வண்டி முனகவில்லை. எஞ்சிய பணம், தேய்ந்திருந்த பிரேக் பேடுகளை மாற்ற உதவியது. கம்பாட்கி மலைப்பாதையில் தாயாருடன் இறங்கி வருபவர்க்கு அதுவன்றோ தேவை!

நமது வண்டியிலும் சோதித்துப் பார்த்தோம். உறவினர் ஒருவர் வாங்கி வைத்திருந்த கம்பிகளைப் பொருத்துமுன் 0.08 வோல்ட், பொருத்திய பின் 0.06. ஒரு மாதம் டாங்கை நிரப்பி நிரப்பிக் கணக்கிட்டும் பெட்ரோல் செலவில் மாற்றமில்லை. காரணம் வெளிப்படை. எஞ்சினின் வலிமை காற்றும் எரிபொருளும் எரிவதிலிருந்து பிறப்பது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் தருகிறது. இக்காலக் கார்களில் உள்ள கம்ப்யூட்டர், வோல்ட்டின் சிறு ஏற்றத்தாழ்வை அறிந்து எரிபொருள் தெளிக்கும் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். நலமான பாதைக்கு மேலும் ஒரு பாதை அமைப்பதால், அங்கே பெறுவதற்கு ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின், பயன் கண்டதாகச் சொல்வோர் பொய்யுரைக்கின்றனரா? இல்லை. கம்பி பொருத்தும்பொழுது பழைய இணைப்புகளும் கழன்று, துடைக்கப்பட்டு, இறுக்கப்படுகின்றன. பழுது இருந்த வண்டி அதனாலேயே நலம்பெறும். புகழ் புதுக்கம்பிக்குச் சென்றுவிடும். பழுதில்லாத வண்டியிலோ, செலவழித்த பணமே இழுவை கூடியதாக நம்மை எண்ணச் செய்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் நெகட்டிவ் முனையருகே மின்னோட்டத்தை அளக்கும் உணர்கருவி உண்டு. அதனைத் தாண்டிப் பாட்டரி முனையிலேயே வேறு கம்பிகளை இணைத்தால், பாட்டரியின் நிலையை வண்டி தவறாகக் கணக்கிடும்.

பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நாம், கடைக்காரரோடு வாதிட மொழி போதாமல் பணத்தை நீட்டிவிடுகிறோம். அளவுகருவி காட்டும் எண்ணுக்கு எம்மொழியும் வேண்டுவதில்லை. வண்டி முனகினால், "முதலில் எர்த் கனெக்‌ஷனை அளந்து காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அளக்க மறுப்பவரிடம் கம்பி வாங்க வேண்டா.