களுத்துறைக் கயிறும் பஞ்ச் கிண்ணமும்

தலைக்கு மேலே 50 அடி உயரத்தில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே, ஒரு மனிதர் கயிற்றில் நடந்துகொண்டிருந்தார். கால் வைக்க ஒன்று, கையால் பிடிக்க ஒன்று. இரண்டும் தும்புக் கயிறு. இடுப்பின் ஒரு பக்கம் கத்திகள் வைத்த மரப்பெட்டி, மறுபக்கம் சுரைக்குடுவை. கொழும்பிலிருந்து காலி வீதியில் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வந்திருந்தேன். களுத்துறைக்குச் சற்று முன்னால், ரயில் பாதையை ஒட்டிய தென்னங்காணி. விடிந்தும் விடியாத நேரம். அலைச் சத்தத்துக்கு நடுவே மேலிருந்து 'டொக், டொக்' என்று பாளையைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் வடக்கில் பிறந்தவன். சீவல் தொழிலை வேறு விதமாகப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் சீவல்காரர் காலில் தளநாரை மாட்டி, பனையை நெஞ்சோடு அணைத்து ஏறி, முட்டியை இறக்கி, மறுபடி அடுத்த பனைக்குப் போவார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். களுத்துறைக் கரையில் முதல் மரத்தில் ஏறுவதோடு சரி. மட்டைகளைப் படிபோல மரத்தில் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக மேலே போனால், பிறகு மரத்துக்கு மரம் வானத்திலேயே பாதை. இப்படிப் போகிறவர் ஒரு நாளில் 100 மரம் வரை பார்க்கலாம் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. சேர்ந்த கள்ளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறார். கீழே அவருடைய தம்பி நின்று வாங்கி, வடிகட்டி, பீப்பாயில் ஊற்றுகிறார்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தவரை 'அய்யே' என்று அழைத்தேன். சிங்களத்தில் அண்ணன். அவர் என்னை 'மல்லி' என்றார், தம்பி. அதற்குப் பிறகு பேச்சுக்குத் தடையில்லை. எது பயம் என்று கேட்டேன். மழை என்பார் என நினைத்தேன். "மழையை விடக் காற்றுதான், மல்லி. இந்த மரம் இந்தப் பக்கம் ஆடும், அந்த மரம் அந்தப் பக்கம் ஆடும். நடுவில் நிற்கிறவன் எந்த மரத்தை நம்புவது?" என்றார். தன் கயிற்றை வேறு யாரும் கட்ட விடமாட்டாராம்.

காணி ஓரத்தில் ஏணி வைத்தால் எட்டுகிற குட்டைத் தென்னை ஒன்று நின்றது. அதில் ஏற்றி எனக்குப் பாளையைக் காட்டினார். விரியாத பாளை. அதைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தது, விரிய விடக்கூடாது என்பதற்காக. சிறிய மரக்கட்டையால் அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றித் தட்டினார். அடி என்று அதைச் சொல்ல முடியாது. காய்ச்சல் பிள்ளையின் முதுகைத் தட்டுகிற பதம். பலமாக விழுந்தால் உள்ளே பூ நசுங்கி அழுகும். மெதுவாக விழுந்தால் சாறு இறங்காது. சில நாள் இப்படித் தட்டிப் பதப்படுத்திய பிறகே நுனியை வெட்டுவார்களாம். பிறகு காலையும் மாலையும் ஒரு சீவல். கத்தியை எடுத்து நுனியில் ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளங்கையில் விழுந்த சீவலைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் ஊடே தெரிந்தது. வெட்டு வாயில் ஒரு துளி திரண்டு, சற்று நின்று, முட்டிக்குள் விழுந்தது. கனமாகச் சீவுகிறவன் கையில் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். பாளையின் ஆயுள் முழுவதும் அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

நான் அங்கே போனதற்குக் காரணம் பஞ்ச். கலப்பு மதுபானங்களின் வம்சத்தில் மூத்தது அது. இன்று உலகத்து பார்களில் காக்டெயில் என்று கொடுக்கிறார்களே, அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் ஒரு பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து குடித்த பானம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலாகத் தென்படுவது 1632ல், கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்தில். 1638ல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, அங்கிருந்த ஆங்கிலேயர் மது, பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை கலந்து குடித்ததை எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் பெர்னியர் வங்காளத்தில் கண்டது சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கொஞ்சம் சாதிக்காய். 1670களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் ஃபிரையர், 1698ல் வெளிவந்த தன் நூலில், கோவாவை அடுத்த நெருலில் நல்ல சாராயம் வடிப்பதையும், அதில் ஆங்கிலேயர் செய்த பானத்துக்கு 'ஐந்து' என்ற இந்துஸ்தானிச் சொல்லே பெயராக வந்ததையும் குறித்தார். சாராயம், புளிப்பு, இனிப்பு, தண்ணீர், வாசனை: ஐந்து.

பீப்பாயைக் குறிக்கும் 'பஞ்சன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. பஞ்சாமிர்தம் பிசைந்து தின்ற நமக்கு ஃபிரையர் சொல்வதே சட்டென்று பொருந்தும். என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனால் பெயரை விடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. அந்தக் கப்பல்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பீரும் வைனும் வெப்பத்தில் கெட்டன, அல்லது தீர்ந்தன. கரையில் இறங்கியவன் கைக்குக் கிடைத்தது இங்குள்ளவர்கள் வடித்த சாராயம். தேசிக்காயும் சர்க்கரையும் சாதிக்காயும் இங்கேயே கிடைத்தன. கலந்த கை எவருடையதாக இருந்தாலும், கிண்ணத்துக்குள் இருந்தது முழுவதும் இந்தக் கடற்கரைகளின் உழைப்பு.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். அரபியில் வியர்வை என்று பொருள்படும் 'அரக்' என்ற சொல் வடித்த மதுவுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. பெர்னியரின் வங்காளச் சாராயம் வெல்லத்தில் வடித்தது. பத்தாவியா என்று டச்சுக்காரர் அழைத்த இன்றைய ஜகார்த்தாவின் சரக்கு, கரும்புப் பாகைச் சிவப்பரிசியோடு புளிக்கவைத்து வடித்தது. இலங்கைக் கரையிலோ தென்னங்கள். சிங்களத்தில் 'பொல் அரக்கு', நமக்குத் தென்னஞ்சாராயம். பூவிலிருந்து நேரே இறங்கிய சாறு. யாரும் சர்க்கரை சேர்ப்பதில்லை, ஈஸ்ட் சேர்ப்பதில்லை. முட்டியில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் காற்றே அதைப் புளிக்கவைத்துவிடும். அந்த வேகமே இந்தத் தொழிலை விரட்டுகிறது. கள்ளை ஒரு நாளைக்கு மேல் போட்டுவைத்தால் வினாகிரிதான் மிஞ்சும்.

அதனால் பீப்பாய் ஏற்றிய லொறியின் பின்னாலேயே நானும் வடிசாலைக்குப் போனேன். முற்பகலில் கள்ளு மரத்தொட்டியில் நுரைத்துக்கொண்டிருந்தது. நெடி மூக்கைக் குத்தியது. வாலையில் ஏற்றி வடித்து வருவது கண்ணாடி போலத் தெளிந்த சாராயம். அதைக் கொண்டுபோய் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் அடைக்கிறார்கள். நம் ஊரில் அதற்குச் சவண்டலை என்று பெயர். திருக்கோணமலை மரம் என்ற பெயரில் அந்தக் காலத்தில் சென்னைக்குக் கப்பலேறி, மசூலாப் படகுகள் கட்டப் பயன்பட்டதும் இதே மரம்தான். பீப்பாய் வேலை பார்க்கும் முதியவர் ஒரு பழைய பலகையைச் சீவிக் கையில் தந்தார். வெளிப்புறம் கறுத்திருந்தது, உள்ளே செம்பழுப்பு. மோந்து பார்த்தேன்: தேங்காய் இல்லை, மரமும் இல்லை, உலர்ந்த பூவின் மணம். "இது என் அப்பா இருந்த காலத்துப் பலகை, மாத்தயா. ஆணி கிடையாது, பசை கிடையாது. வளையம் இறுகினால் மரமே ஊறி மூடிக்கொள்ளும்" என்றார். அவரைத் தவிர அந்தக் கொட்டிலில் இந்த வேலை தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

பஞ்ச் இங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. லண்டன் வாக்ஸ்ஹால் பூங்காவில் சாராயப் பஞ்சுக்கு அவ்வளவு பேர் இருந்தது. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில், வங்காளத்தில் கலெக்டராக இருந்த ஜோஸ் செட்லி அங்கே ஒரு கிண்ணத்தைக் காலி செய்ததால் நடக்கவிருந்த திருமணப் பேச்சே நின்றுபோகிறது. 1731ல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தாவியாச் சரக்கைக் கொண்டுபோனது. அது 'பன்ஷ்' ஆகி, இன்றும் வியாழக்கிழமைப் பட்டாணி சூப்போடு சூடாக அருந்தப்படுகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் சாராயத்தின் இடத்தை ரம் பிடித்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது பக்கம், விலையும் மலிவு. பிலடெல்பியாவில் 1732ல் தொடங்கிய மீன்பிடிச் சங்கத்தின் 'ஃபிஷ் ஹவுஸ் பஞ்ச்' ரம், பிராந்தி, பீச் மது என்று மூன்றைச் சேர்த்தது. அதையும் தாண்டியது 1934ல் ஹாலிவுட்டில் டான் பீச் கலந்த 'சோம்பி'. பல வகை ரம், எலுமிச்சை, மசாலை. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் ஊற்றமாட்டேன் என்று விதியே வைத்தார். அவர் செய்முறையை ஊழியர்களுக்கும் தெரியாமல் குறியீட்டில் எழுதிவைத்திருந்தார். அந்தக் குறியீட்டை அவிழ்த்தால் உள்ளே இருப்பது பழைய பஞ்சின் எலும்புக்கூடு: புளிப்பு, இனிப்பு, வீரியம், நீர், வாசனை.

அன்று மாலை கொழும்பில், கோட்டைப் பக்கம் உள்ள ஒரு விடுதியில், பதுளையிலிருந்து வந்த தமிழ் இளைஞர் ஒருவர் எனக்காக ஒரு கிண்ணம் செய்து காட்டினார். தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவிச் சீனியில் போட்டுக் கையால் பிசைந்தார். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்குமாம். அரை மணியில் சீனி ஈரமாகி, தோலின் எண்ணெயைக் குடித்துப் பச்சை மணத்தோடு கிடந்தது. அதில் கித்துள் பாணி கொஞ்சம், சாறு, சாராயம், தண்ணீர், மேலே சாதிக்காய்த் துருவல். கரிபியத் தீவுகளில் வழங்கும் பழைய அளவுதான் அவருக்கும்: புளிப்பு 1, இனிப்பு 2, சாராயம் 3, நீர் 4. நான் கணக்குப் போட்டேன். போத்தலில் மது 36 சதவீதம் என்றால் கிண்ணத்தில் 11க்குச் சற்றுக் குறைவு. அதாவது வைனின் அளவுதான். ஆனால் இனிப்பும் புளிப்பும் அந்த வீரியத்தை மறைத்துவிடுகின்றன. பெர்னியர் ருசியை ஒப்புக்கொண்டு, உடம்புக்குக் கேடு என்று எழுதியது வெறும் ஒழுக்க உபதேசமல்ல.

"இதுல எதை மாத்தினாலும் பஞ்ச்தான் சேர்" என்றார் அந்தத் தம்பி. "தேசிக்காய்க்குப் பதிலா தோடம்பழம் போடலாம், தண்ணிக்குத் தேயிலைச் சாயம் போடலாம். சாராயத்த மாத்தினா மட்டும் நாக்கு கண்டுபிடிச்சுரும்." அவர் ஒரு நாளும் சீவல்காரரைக் கயிற்றில் பார்த்ததில்லை. கைபேசியில் நான் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். கிண்ணத்தை வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்தார்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பெயர் இருக்கிறது. கலந்தவர்களின் பெயர்கூட இருக்கிறது. சாராயக் குத்தகை எடுத்துச் செல்வரானவர்களைப் பற்றி வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தன ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இலங்கையின் புதிய மேட்டுக்குடி எழுந்ததில் அந்தக் குத்தகைப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவர் காட்டுகிறார். மரத்தில் நின்றவன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. எங்கள் வடக்கில் நிலைமை இன்னும் கசப்பு. பனையோலைப் பிளாவில் கள்ளு வாங்கிக் குடித்தவர்களே அதை இறக்கியவரைச் சாதி சொல்லித் திண்ணைக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் சிறுவனாகக் கண்ணால் பார்த்தது இது. 1972ல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் கள்ளுத் தவறணை முதலாளியின் பிடி தளர்ந்தது. திக்கத்து வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்ததும் அந்தச் சங்கங்களின் பலத்தில்தான்.

மறுநாள் மாலை மறுபடி காணிக்குப் போனேன். அய்யே இரண்டாம் சீவலுக்கு ஏறிக்கொண்டிருந்தார். மூத்த மகன் ஹோட்டலில் வேலை, இளையவன் ஓட்டோ ஓட்டுகிறான், இருவரும் மரத்தடிக்கே வருவதில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. "நானே வேண்டாம் என்றேன். விழுந்தால் யார் பார்ப்பது?" அந்தக் காணியில் முன்பு ஐந்து பேர் நடந்த கயிறுகளில் இப்போது அவர் ஒருவர்தான் நடக்கிறார். ஆள் இல்லாத பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்து வைத்திருந்தார்கள். தென்னை நிற்கிறது, பாளை வருகிறது, தேங்காய்க்கு விட்டுவிடுகிறார்கள்.

இவர்களுக்கு வேண்டியது பாராட்டுரை அல்ல. விழுந்தால் கைகொடுக்கும் காப்புறுதி, கள்ளின் லீட்டருக்கு நியாய விலை, இடுப்பில் ஒரு பாதுகாப்புக் கயிறு. இவ்வளவும் சாராய வரியில் ஒரு சிறு துளியில் முடிகிற காரியம்.

இலங்கைச் சாராயப் போத்தல் எப்போதாவது உங்கள் கையில் வந்தால், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், பின்பக்க எழுத்தை ஒரு முறை வாசியுங்கள். மலிவான பல வகைகளில் கரும்புப் பாகில் ஆலை வடித்த மது கலந்திருக்கும். நூறு சதவீதம் தென்னை என்று போட்டிருக்கிற போத்தலுக்குத்தான் ஒருவர் காலையும் மாலையும் கயிற்றில் நடந்திருக்கிறார்.